தாத்தாவின் ஏழு நோட்டுகள்

தாத்தா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைவடைகிறது. 1934ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில், மூங்கில் தட்டிகளால் அடைத்த லைன் வீடொன்றில் பிறந்தவர். 1953 முதல் 1992 வரை 39 ஆண்டுகள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், பதினான்கு பேரப்பிள்ளைகள். தொண்ணூறு வயது வரை நினைவு தப்பாமல் வாழ்ந்து, வெளியூர்களில் இருந்த நாங்கள் அனைவரும் வந்து சேர்ந்தபின் கண்மூடினார்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் பற்றி ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "நல்ல குடும்பஸ்தர்." எளிய பாராட்டு அது. சங்கத் தலைவர், பேச்சாளர், எழுத்தாளர் என்று சொல்ல ஏதும் இல்லாத மனிதரைப் பற்றிச் சொல்லப்படுவது. தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்ற முறையில், அந்தச் சொல்லின் உள்ளே எவ்வளவு உழைப்பு அடங்கியிருந்தது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். எங்கள் துறை பெரும்பாலும் கவனிக்காமல் விடும் உழைப்பு அது.

தங்கவயலைப் பற்றி அறியாத நண்பர்களுக்காகச் சில செய்திகள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்கே பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் பெரும்பகுதியினர் தீண்டாமைக் கொடுமையிலிருந்தும் நிலவுடைமையாளரின் பிடியிலிருந்தும் விலகி வந்த தலித் மக்கள். தாத்தாவின் தந்தை குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நடந்தே வந்தவர் என்பது வீட்டில் வழங்கும் செய்தி. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இலேயே சுரங்கங்களுக்கு வந்துவிட்டது. பெங்களூர் நகரத்துக்குக்கூட அதன் பிறகுதான் போயிற்று. ஆயினும் என் அம்மா தம் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை மண்ணெண்ணெய் விளக்கொளியில்தான் முடித்தார்.

தாத்தாவுக்குக் கிடைத்தது டிம்பர் வேலை. தங்கம் வெட்டியெடுத்த வெற்றிடத்தின் கூரை இறங்காதபடி மரத்தூண்களையும் கருங்கல் அடுக்குகளையும் கொண்டு முட்டுக் கொடுப்பது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறுவதை ராக் பர்ஸ்ட் என்பார்கள். அது நிகழ்ந்தால் மேலே ஊரே அதிரும். வீட்டுச் சுவர்கள் விரிசல் விடும். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். கேஜில் மேலே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நிற்பார்கள். என் ஆயா அப்படி எத்தனை முறை ஓடினார் என்று அவருக்கே கணக்கில்லை.

பணியாளர் பதிவேடுகளில் தாத்தா ஓர் எண். வருகை, ஊதியம், பிடித்தம் ஆகியவை அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும். அவர் தம் கைப்பட எழுதிய வேறொரு பதிவேடும் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவர், 1956இல் திருமணமான மாதத்திலிருந்து கணக்கு எழுதத் தொடங்கினார். ஏழு நோட்டுகள். அவற்றைச் சென்ற கோடை விடுமுறையில்தான் முழுமையாக வாசித்தேன்.

வரவு ஒரே வரியில் முடிந்துவிடும். செலவு பக்கம் பக்கமாக நீளும். அரிசி, விறகு, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பியது. ஒவ்வொரு சம்பள நாளிலும் தவறாத ஒரு வரி, "பூ." ஆயாவுக்கு வாங்கியது. பக்கத்தின் ஓரத்தில் பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகள். யாருக்கு எப்போது அம்மை குத்தியது, யார் கணக்கில் எத்தனை மதிப்பெண் எடுத்தார், யாருக்குச் செருப்பு சிறியதாகிவிட்டது. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவுடன் குழந்தைகளை நெருங்க விடமாட்டார். தம் துணிகளைத் தாமே தனியாகத் துவைத்து, குளித்த பிறகுதான் தூக்குவார். அந்தத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தரும் என்பதை அவர் நூல்களில் படித்ததில்லை. உடன் வேலை செய்தவர்களின் இருமலிலிருந்து அறிந்திருந்தார். பிறகு நான்கு பெண்களுக்கும் தலைவாரிப் பின்னி, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் உறங்குவார். ஆண்கள் செய்யும் வேலையா இது என்று லைனில் கேலி பேசியதுண்டு. "என் புள்ளைங்க தலைய நான் வாராம வேற யார் வாருவாங்க?" என்பாராம்.

அவரைத் தெய்வமாக்கி எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பெரியம்மா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். ஆயாவுக்கு அப்போது ஆறாவது பிரசவம். வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. 1972ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தில், எண்ணெய்க்கும் சோப்புக்கும் இடையே, இரண்டு சிறு வாக்கியங்கள் உள்ளன: "பெரியவள் நின்றுவிட்டாள். என் தவறு." அடுத்தடுத்த பக்கங்களில் பள்ளிக் கட்டணம் என்ற வரி செலவுப் பட்டியலின் முதல் இடத்துக்கு, அரிசிக்கும் மேலே, ஏறிவிடுகிறது. மற்ற மூன்று பெண்களும் பள்ளியிறுதித் தேர்வு எழுதினார்கள். என் அம்மா செவிலியரானார். அதனால் பெரியம்மாவின் இழப்பு ஈடாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தாத்தாவும் அப்படிச் சொன்னதில்லை.

மாமாவுடனான கதை இன்னும் கடினமானது. 1985இல் மாமாவுக்கு இருபத்து மூன்று வயது, வேலையில்லை. தந்தை உடல்நலம் காட்டி விலகினால் மகனுக்கு அந்த வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை லைன் முழுவதும் இருந்த காலம். குடியிருக்கும் வீடும் கையைவிட்டுப் போகாது. உறவினர்கள் அனைவரும் வற்புறுத்தினார்கள். தாத்தா மறுத்துவிட்டார். "நான் எறங்குறது போதும். நீ எறங்க வேணாம்" என்பதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. தம் எதிர்காலத்தைத் தந்தையே பறித்துவிட்டார் என்று மாமா கருதினார். விடியலுக்கு முன் எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று, லேத் பட்டறை ஒன்றில் வேலை செய்துவிட்டு இரவு திரும்புவார். போக வர ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பல ஆண்டுகள் தந்தையுடன் தேவைக்கு மேல் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

அவர் திரும்பும் வரை தாத்தா உண்ணமாட்டார். இரவு பத்து மணியானாலும் விளக்கை ஏற்றிவைத்துத் திண்ணையில் அமர்ந்திருப்பார். மகன் வந்து பேசாமல் உள்ளே போவார். பிறகு இருவரும் பேசாமல் உண்பார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை வெளியே அனுப்பிய ஊர் ஒரே நாளில் வேலையற்றதாயிற்று. அன்றிரவு மாமா வழக்கம்போல ரயிலில் வந்திறங்கினார். தாம் சொன்னதே சரியாயிற்று என்று காட்டிக்கொள்ள எந்தத் தந்தைக்கும் தோன்றக்கூடிய இரவு. தாத்தா அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் காலை, வேலை இழந்த பக்கத்து வீட்டுப் பையன் இருவரைப் பட்டறைக்கு அழைத்துப் போக முடியுமா என்று மட்டும் மகனிடம் கேட்டார். அன்றிலிருந்துதான் தாம் அப்பாவோடு பேசத் தொடங்கியதாக மாமா சொல்கிறார்.

எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த தாத்தா, ஓய்வு பெற்ற தாத்தா. கதை சொல்ல நேரம் உடையவர். சாவுகளைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. அவர் விரும்பிச் சொன்ன கதை அறிவியலாளர்களைப் பற்றியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தங்கவயலில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினார்கள். வானிலிருந்து வரும் அண்டக்கதிர்களில் ஏறக்குறைய அனைத்தையும் மேலேயுள்ள பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ என்னும் துகள் மட்டும் தடையின்றி ஊடுருவி வரும். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயம் 1965இல் அங்கே பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவாயிற்று. உலகிலேயே முதலாவதாக அமைந்த கண்டறிதல்கள் அவை. அக்கருவிகளுக்கான சாமான்களைக் கேஜில் இறக்கித் தூக்கிச் சென்றவர்களில் தாமும் ஒருவர் என்பார் தாத்தா. "வானத்துல இருந்து வர்றத மண்ணுக்குள்ள வந்து புடிச்சாங்க கண்ணு. அதுக்கு இடம் செஞ்சு குடுத்தது நாங்க." என் தங்கை இயற்பியல் படிக்கச் சென்றதற்கு இந்த ஒரு கதையே காரணம். அக்கண்டுபிடிப்பைப் பற்றிய கட்டுரையை அவள் நூலகத்தில் தேடியெடுத்து, படி எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். ஆங்கிலம் அறியாத அவர் அதை ஏழாவது நோட்டின் அட்டைக்குள் வைத்திருந்தார்.

2010இல் ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது. தாத்தாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது, அதுவரை சமைத்தறியாதவர். பெரியம்மாவைப் பக்கத்தில் நிற்கவைத்து ரசமும் கஞ்சியும் கற்றுக்கொண்டார். பெண்கள் முறைவைத்து வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது, பகலில் வரலாம், இரவு தம்முடையது என்றார். ஆறு ஆண்டுகள். ஊட்டுவது, உடல் துடைப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. தலையும் அவரே பின்னிவிடுவார். அது மட்டும் அவருக்குப் பழகிய வேலை. நோட்டில் அந்த ஆறு ஆண்டுகளிலும் "பூ" என்ற வரி விடுபடவில்லை. 2016இல் ஆயா இறந்த மாதத்தோடு அது நிற்கிறது.

பராமரிப்பு உழைப்பைப் பற்றி இன்று கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறோம். அவ்வுழைப்பின் சுமை பெண்கள் மேல் விழுவது உண்மை; எங்கள் வீட்டிலும் பெரியம்மாவின் மேல் விழுந்தது. அதோடு, எட்டு மணி நேரம் பாறைக்கடியில் நின்றுவிட்டு மேலே வந்து மற்றொரு ஷிப்ட்டைத் தொடங்கிய ஆண்களும் இருந்தார்கள். வேலைநிறுத்தம், விபத்து, ஊதியம் ஆகியவற்றைத் தேடி ஆவணங்களைப் புரட்டும்போது அவர்கள் நமக்குத் தென்படுவதில்லை. பதிவேட்டில் அவர்களின் நாள், சங்கு ஊதியதும் முடிந்துவிடுகிறது. உங்கள் வீடுகளிலும் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ஏழு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் பெரியம்மாவிடம் இருக்க வேண்டும் என்று குடும்பத்தினர் அனைவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். இந்தப் பதிவை வெளியிடும் முன் தொலைபேசியில் அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். 1972ஆம் ஆண்டின் அந்த இரண்டு வாக்கியங்கள் வந்ததும் நிறுத்தி, இதை நீக்கிவிடட்டுமா பெரியம்மா என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

"வேணாம், இருக்கட்டும்," என்றார். "அப்பா மறைச்சு வெக்கல. நீ ஏன் மறைக்கணும்?"