ஃபெரி, கொடிமலை, அத்தை வீடு

கெடா தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு வருட இறுதிப் பள்ளி விடுமுறை என்றால் பினாங்குதான். தீபாவளி முடிந்திருக்கும். மழையால் பால்மரம் வெட்டுவது பாதி நாள் நின்றுபோகும். போனஸில் கொஞ்சம் மிச்சமிருந்தால் இரண்டு நாள் தங்குவோம்; இல்லையென்றால் காலையில் போய் இரவில் திரும்புவோம். கடலோர விடுதியில் அறை எடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. பத்து பெரிங்கியின் பெரிய ஓட்டல்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அத்தை வீடு இருக்கும்போது அறை எதற்கு?

தாத்தா மட்டும் இந்தப் பயணங்களில் சேர்ந்துகொள்ள மாட்டார். அவர் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். டெக்கில் வந்த தொழிலாளிகளை நோய்த்தடுப்புக்காக முதலில் ஜெரஜாக் தீவில் இறக்குவார்கள். பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருக்கும் சின்னத் தீவு அது. “நீங்க பினாங்கைச் சுத்திப் பாக்கப் போறீங்க. நான் ஜெரஜாக்குல உக்காந்து பாத்துட்டேன்டா, போதும்” என்பார். 1985இல் பாலம் திறந்த பிறகு முதல் தடவை அதில் போனபோது, தெற்கே பச்சை மேடாகத் தெரிந்த ஜெரஜாக்கை அப்பா கைகாட்டினார். எல்லோரும் பாலத்தின் நீளத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றரைக் கிலோமீட்டர், பெரிய செய்திதான். அப்பா பாலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாலம் வந்தபின்னும் கார் இல்லாத நாங்கள் பட்டர்வொர்த்தில் பஸ்ஸை விட்டு இறங்கி பெரும்பாலும் ஃபெரியில்தான் போனோம். ஒவ்வொரு ஃபெரிக்கும் ஒரு தீவின் பெயர்: புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா, புலாவ் உண்டான், புலாவ் தாலாங் தாலாங். கட்டையில் மோதி நிற்கும்போது கிளம்பும் சத்தம், கார்கள் இரும்புத் தளத்தில் ஏறும் தடதடப்பு, டீசல் வாடையும் உப்புக்காற்றும் கலந்த ஒரு மணம். கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். அந்த நேரத்துக்குள் கரை விலகும், ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்ல வளரும், கொம்தார் கட்டடம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். ஊர் எங்களை நோக்கி வர அவகாசம் இருந்தது. பாலத்தில் கார் வேகம் பிடிப்பதற்குள் தீவு வந்துவிடுகிறது.

1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் ஃபெரி நிலையத்தின் நடைமேடை நெரிசல் தாங்காமல் இடிந்து 32 பேர் இறந்தார்கள். திருவிழா நாளில் தீவுக்குப் போகக் காத்திருந்த கூட்டம். அதற்குப் பிறகு அங்கே அம்மா என் கையையும் தம்பி கையையும் விட்டதே இல்லை. வேர்த்த அந்தப் பிடி இன்னும் நினைவிருக்கிறது.

கொடிமலையைப் பற்றிப் பேசாமல் அந்த விடுமுறையைச் சொல்ல முடியாது. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில்தான் அங்கே ஏறுவோம். எங்கள் காலத்தில் 1977இல் வந்த சிவப்புப் பெட்டிகள் ஓடின. ஆயர் ஈத்தாமில் வரிசையில் நின்று ஏறினால், பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த நடு நிலையத்தில் காத்திருக்கும்போது காற்றே மாறியிருக்கும். கீழே வேர்வையில் ஒட்டியிருந்த சட்டை அங்கே காயும். வழியில் சின்னச் சின்ன நிறுத்தங்கள். காய்கறிக் கூடையோடு யாராவது இறங்கிக் காட்டுக்குள் நடந்துபோவார்கள். மேல்பாதியில் ஒரு சுரங்கம் வரும். பிள்ளைகள் எல்லோரும் கத்துவோம், பெரியவர்களும் சேர்ந்து கத்துவார்கள். உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும். கோயிலில் கும்பிட்டுவிட்டு, கொண்டுபோன புளிச்சோற்றைப் பிரித்தால் கை சில்லிட்டிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் என்னவென்று காட்டிய இடம் அது.

2010இல் அந்த ரயில் நின்றது. அடுத்த வருடம் வந்த புதிய ரயில் நடுவில் மாறாமல் சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் மலை ஏறியதாக உடம்புக்குத் தெரிவதில்லை.

மற்றதெல்லாம் ஓட்டமாகப் பார்ப்போம். கெக் லோக் சியில் ஆமைக்குக் கங்கோங் கீரை. பாம்புக் கோயிலில் தம்பியின் அழுகை. தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரமும், கச்சாங் பொட்டலத்தைப் பறித்து ஓடும் குரங்குகளும். தண்ணீர்மலையில் மட்டும் அம்மா அவசரப்பட மாட்டார். செட்டியார் கோயிலின் வெள்ளி ரதம் 1894இல் இந்தியாவிலிருந்து வந்ததை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். சாயங்காலம் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைத் திடலில் ஒரு தட்டு பாசெம்பூர் வாங்கி எல்லோரும் பங்கிடுவோம்.

பிறகு அத்தை வீடு. குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடைவீட்டு மாடி. மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கீழே மளிகைக் கடை. மேலே பலகைத் தடுப்புப் போட்டு மூன்று குடும்பங்கள். படி ஏறும்போதே வரமிளகாய் நெடியில் தும்மல் வரும். “வா சாமி, மெலிஞ்சு போயிட்டியே” என்று அத்தை எங்களில் குண்டாக இருப்பவனையும் கட்டிக்கொள்வார். இரவில் கூடத்தில் வரிசையாகப் பாய். காலையில் மாமா தூக்குச்சட்டியில் தேநீரும், தாளில் கட்டிய ரொட்டி சானாயும் வாங்கி வருவார். பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்.

அந்த வீட்டில் அவர்களால் இருக்க முடிந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய வீடுகளின் வாடகையை அது உயரவிடாமல் வைத்திருந்தது. 2000 ஜனவரி 1 முதல் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது. வாடகை எகிறியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலிசெய்தன. அத்தையும் மாமாவும் பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடிக்குப் போனார்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது அந்தத் தெருக்களில் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய முகங்கள் சிலவே மிஞ்சியிருந்தன. கட்டடங்களைக் காப்பாற்றியது நல்ல காரியம். அவை இடிக்கப்படாமல் நிற்பதைப் பார்த்து நான் மகிழ்கிறேன். அவற்றில் வாழ்ந்தவர்களுக்கும் அதே அக்கறை கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். அத்தை வீடு இப்போது தங்கும் விடுதி. நாங்கள் பாய் விரித்த கூடத்தில் வெளிநாட்டுப் பயணிகள் வாடகை கொடுத்துத் தூங்குகிறார்கள்.

கார்களை ஏற்றிய பழைய ஃபெரிச் சேவையும் 2020 முடிவோடு நின்றது. 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் நடந்து வருபவர்களும் இருசக்கர வாகனக்காரர்களும் மட்டும் ஏறலாம்.

விடுமுறைக்குப் பினாங்கு போகிறவர்கள் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரோவியத்தின் முன்னால் தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அழகுதான். அப்படியே ஒரு மணி நேரம் ஒதுக்கி, பாயான் பாருவிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கும் உங்கள் அத்தையையோ பெரியம்மாவையோ போய்ப் பாருங்கள். எந்தத் தெரு, எத்தனையாம் எண், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.