நகையை அடகு வைக்கும் முன்

சேசு மரி சூசை துணை

பெரியதாழை

அன்புப் பாப்பாவுக்குச் சித்தி எழுதுவது. கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. சித்தப்பா நாலு நாளாக வள்ளம் இறக்கவில்லை.

மாலத்தீவில் இங்கிலீஷ் டீச்சர் வேலை இருக்கிறது, ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், அம்மா நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அந்தத் தீவுகளில் பாடம் எடுத்தவள் நான். போகாதே என்று சொல்லமாட்டேன். கடன்பட்டுப் போகாதே என்றுதான் சொல்வேன்.

வேலை பொய்யில்லை. அறுபதுகளிலிருந்தே அங்கே பள்ளிப் பாடம் இங்கிலீஷில்தான். உள்ளூரில் டீச்சர்கள் போதாமல்தான் கேரளத்திலிருந்தும் நம்ம பக்கமிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். தூத்துக்குடித் தோணி காய்கறி ஏற்றிப் போகிற இடம்தானே, தூரத்துக்குப் பயப்பட வேண்டாம். நடுவில் நிற்கிற ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

ஆள் வேண்டும் என்று கேட்பது பள்ளிக்கூடம். தேடிக் கொடுத்தவருக்கு அவர்கள்தான் கூலி கொடுக்க வேண்டும். போகிறவரிடமும் வாங்கலாம் என்று நம்ம நாட்டு விதி விட்டிருக்கிறது. ஆனால் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் உச்சம், அதுவும் ரசீதோடு. உன் ஆள் கேட்பது ஐந்து மடங்கு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணைக் கேள். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று நீயே பார். தமிழக அரசுக்கே 1978-லிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் சென்னையில் உண்டு, அங்கேயும் விசாரி.

படித்தவள்தானே, நம்மை யார் ஏமாற்றுவார் என்று நினைக்காதே. பத்தாவது தாண்டாமல் கல்ஃபுக்குக் கூலி வேலைக்குப் போகிறவரின் காகிதத்தையாவது குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் ஒருமுறை பார்க்கும். பட்டதாரிக்கு அந்த அனுமதியே தேவையில்லை. அதனால் உன் காகிதத்தை உன்னைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை.

மாலத்தீவில் நம்ம நாட்டவர் போய் இறங்கினால் சுற்றுலா விசா இலவசம். "முதலில் அதில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜென்ட்கள் சொல்வதற்கு அதுதான் வசதி. அந்த விசாவில் வேலை செய்தால் குற்றம் உன் தலையில். வேலை அனுமதி உன் பெயரில் வந்த பிறகுதான் டிக்கெட்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கரையில் பார்த்து வளர்ந்தவள் நீ. வலைக்கும் இஞ்சினுக்கும் முன்பணம் வாங்கின வள்ளம், பிடித்த மீனை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும். அவர் வைத்ததே விலை. அடகு வைத்து வந்த டீச்சரின் நிலைமையும் அதுதான். சொன்ன சம்பளம் இல்லை, தனி அறை இல்லை என்று தெரிந்தாலும் வட்டி ஓடுகிறதே என்று வாய் திறக்கமாட்டாள். என்னோடு இருந்த ஒருத்தி அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சம்பளம் வருவதும் ரூஃபியாவில். அங்கே டாலருக்குத் தட்டுப்பாடு. ஊருக்கு அனுப்ப வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கையில் சம்பளம் இருந்தாலும் நினைத்த தொகை அடகுக் கடைக்கு வந்து சேராது.

ஆகவே, ஒப்பந்தத்தைக் கையில் வாங்கு. எந்தத் தீவு, எந்தப் பள்ளி, எவ்வளவு சம்பளம், வீட்டு வாடகை யார் கொடுப்பது, விடுமுறைக்கும் சம்பளம் உண்டா, திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பது என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கு நீயே எழுதிக் கேள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜென்டிடம் விட்டுவராதே, ஜெராக்ஸ் போதும்.

ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. "இன்றைக்கே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அந்த ஆள் நெருக்கினால் என் நம்பரைக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் சித்தி