படகின் மூச்சு

வெள்ளம் வந்த பிறகு படகைத் தேடுவதும், படகு வந்த பிறகு அதில் காற்று உண்டா என்று தட்டிப் பார்ப்பதும் நமது வழக்கம். 2024 டிசம்பரில் திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணை கரைபுரண்டதைக் கண்ட கள்ளக்குறிச்சி ஜில்லாவாசிகளாகிய நாம், காற்றடைத்த ரப்பர் படகைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நல்லது.

விடியற்காலை உஷ்ணம் 20 டிகிரி. குழாயில் சதுர அங்குலத்துக்கு மூன்றரை ராத்தல் அழுத்தம் ஏற்றியதாக வைத்துக்கொள்வோம். வெயிலில் கிடந்தால் உள்ளே 50 டிகிரி ஆகிவிடும். விஞ்ஞானிகளின் கணக்குப்படி, சூனியத்துக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து எண்ணினால், 293 என்பது 323 ஆகிறது. பத்தில் ஒரு பங்கு ஏற்றந்தானே என்பர் நம் மாணாக்கர். வெளிக்காற்றின் 14.7 ராத்தலையும் கூட்டியல்லவா அந்தப் பங்கைப் பார்க்க வேண்டும்! மூன்றரை ஐந்தைத் தாண்டிவிடுகிறது. ஒட்டுப் பிரியவும் கூடும்.

கல்வராயன் மலைமேல் இன்னொரு வேடிக்கை. 2,000 அடி உயரத்தில் வெளிக்காற்று சுமார் ஒரு ராத்தல் குறைவதால் குழாய் விறைக்கும். மலைக்குளிரோ அதைத் தளர்த்தும்.

ஆகையால், தண்ணீரில் இறக்கியதும் படகு தொய்ந்தால் உடனே ஓட்டை என்று அஞ்ச வேண்டாம். உள்ளிருக்கும் காற்று குளிர்ந்திருக்கலாம். சற்று மிதக்கவிட்டுக் குறைந்ததை நிரப்புக. பிறகும் தொய்ந்தால் ஓட்டையைத் தேடுக. கரையேற்றியதும் நிழலில் வைத்துச் சிறிது காற்றை விடுக. அதில் ஏறப்போவது நம் குழந்தைகள் அல்லவா?