கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்

பதினோராம் வகுப்பு விலங்கியலில் செரித்தல் ஒரு பாடம், கழிவுநீக்கம் இன்னொரு பாடம். நடுவில் சுவாசமும் இரத்த ஓட்டமும் வந்துவிடும். நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்கள். சிறுநீரகத்திலுள்ள ஹென்லே வளைவின் பகுதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மதியம் சாப்பிட்ட பருப்பிலிருந்து சிறுநீரில் யூரியா எப்படி வந்தது என்று கேட்டால் வகுப்பே அடங்கிவிடும். இரண்டு பாடங்களுக்கும் நடுவே பாலம் போட, கருத்து வரைபடத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1972-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் ஆய்வுக்குழு உருவாக்கிய முறை இது. தெரிந்ததோடு ஒட்டினால்தான் புதியது மனதில் நிற்கும் என்ற டேவிட் ஆசுபெலின் கொள்கையே இதன் வேர். கட்டங்களுக்குள் பெயர்கள் இருக்கும். அவற்றை இணைக்கும் கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். பலரும் கோட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலுக்கும் யூரியாவுக்கும் நடுவே வெறும் கோடு யார் வேண்டுமானாலும் போடலாம். 'அம்மோனியாவை மாற்றி உண்டாக்குகிறது' என்று அதன் மேல் எழுதிய பிள்ளை, யூரியா சிறுநீரகத்தில்தான் உருவாகிறது என்று அதற்குப்பின் சொல்லாது.

சிறுநீரகத்தில் இந்த வினைச்சொற்கள் இன்னும் கறாராக வேலை செய்கின்றன. 'வடிகட்டுகிறது' என்று மட்டும் எழுதினால், நாளொன்றுக்கு வடியும் சுமார் 180 லிட்டரில் ஒன்றரை லிட்டர்தானே வெளியே வருகிறது, மீதி எங்கே என்று கேட்பேன். பென்சில் கொஞ்ச நேரம் தயங்கும். பிறகு நெஃப்ரானின் நுண்குழலிலிருந்து இரத்த நாளத்துக்குத் திரும்பும் ஓர் அம்புக்குறி வரும், அதன் மேல் 'மீள உறிஞ்சுகிறது'. அந்த ஓர் அம்புக்குறிக்காக ஒரு பாடவேளை போனாலும் சரி.

எங்கள் ஊரில் கோழிப்பண்ணை இல்லாத திசையில்லை. அதனால், "கோழிக்கு மூத்திரமே வராதுங்களா சார்?" என்ற கேள்வி எப்படியும் வரும். எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் அதன் சிறுநீரகம் அனுப்பிய யூரிக் அமிலம். கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீர்நாளங்கள் குளோயக்காவில் திறக்கின்றன. குடலின் வழியும் அங்கேதான் முடிகிறது. சிறுநீர் அங்கிருந்து பெருங்குடலுக்குள் பின்னோக்கி ஏற, அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. வரைபடத்தில் இதைப் போட்டால் இரண்டு மண்டலங்களும் ஒரே கட்டத்தில் வந்து சேர்கின்றன.

மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அம்புக்குறி ஒன்று உண்டு. கோடையில் வெறும் சோளத்தட்டு தின்னும் மாட்டுக்குப் புரதம் குறைவு. அப்போது அதன் சிறுநீரகம் யூரியாவை அதிகம் வெளியே விடுவதில்லை. இரத்தத்தில் நிற்கும் யூரியாவில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் அசையூண் இரைப்பைக்குத் திரும்புகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைக்கொண்டு புரதம் ஆக்க, மாடு அதைச் செரித்துக்கொள்கிறது. கழிவுநீக்கப் பாடத்தில் கிளம்பிய கோடு மறுபடி செரித்தல் பாடத்துக்கே வந்துவிடுகிறது.

வரையும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். முடித்ததும் பக்கத்திலிருப்பவரின் தாளை வாங்கி, ஒவ்வொரு கோட்டையும் முழு வாக்கியமாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். வாக்கியம் எங்கே தட்டுகிறதோ, மறுநாள் அங்கிருந்துதான் பாடம்.