துப்பாக்கிக்கும் அளவு உண்டு!

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஷாட்கன் சுடப் பழகுகிறாள். பறந்து போகும் 11 சென்டிமீட்டர் தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். ‘களிமண் தட்டு’ என்று பெயரே தவிர, சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்தது.

முதல் மாதம் தோளும் கன்னமும் கன்றிப்போய் வந்தாள். “இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்துவராது” என்றார் என் மாமனார். “விட்டுடறேம்மா” என்றாள் அவளும். 2018 காமன்வெல்த் போட்டியில் டபுள் ட்ராப்பில் தங்கம் வாங்கிய ஸ்ரேயாசி சிங் பெண்தானே! பயிற்சியாளரிடம் கேட்டேன். “பொண்ணு மேல குறையில்லேம்மா. துப்பாக்கிதான் அவ அளவு இல்லே” என்றார்.

ரவிக்கை மாதிரித்தான், சகோதரிகளே! கடைத் துப்பாக்கியின் மரக்கட்டை பெரும்பாலும் ஆண்களின் உடம்புக்கு அளவெடுத்தது. நீளம் அதிகமானால், தோளில் பதிய வேண்டியது கைச் சதையில் இடிக்கும். குறைந்தால் கட்டைவிரல் மூக்கைக் குத்தும். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி.

அடுத்தது, கன்னம் படியும் மேல்விளிம்பு. ரைபிளில் இருப்பதுபோல் குறிபார்க்கப் பின்னால் ஒன்றும் கிடையாது. நம் கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கழுத்து நீண்ட பெண்களுக்கு இந்த விளிம்பு தாழ்வாகப் போய்விடும். தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், கன்னத்தில் அடி விழும். கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தினால், அதைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி அமைக்கலாம்.

குண்டில்லாத துப்பாக்கியைப் பயிற்சியாளர் திறந்து பார்த்துக் கொடுத்த பிறகு, கண்ணை மூடித் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறக்கச் சொன்னார். குழலின் மேல் நேர்கோடாகப் பார்வை ஓட வேண்டுமாம்.

லேசான துப்பாக்கி சுகம் என்று நினைக்காதீர்கள். அதே தோட்டாவுக்கு, எடை குறையக் குறைய உதை அதிகம். மூன்று, மூன்றரை கிலோ இருப்பது நல்லதுதான்.

உடனே வாங்கவும் வேண்டாம். சொந்தமாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். பயிற்சிக் கூடத்துத் துப்பாக்கிகளில் நாலைந்தைப் பிடித்துப் பார்த்து அளவு தெரிந்துகொள்ளட்டும். கட்டையை வெட்டுவது கடைசியில்தான். துணியைப்போல, வெட்டினால் ஒட்டாது! காதடைப்பானும் கண்ணாடியும் முதல் நாளே வேண்டும்.

மேல்விளிம்பை ஏற்றி இறக்கக்கூடிய துப்பாக்கியில் இப்போது பழகுகிறாள். கன்றல் இல்லை. போன ஞாயிறு 25 தட்டில் 11 உடைத்தாள். மாமனார், “மீதி 14 எப்போ?” என்கிறார்!