முற்றத்தில் அடித்த நீலம்

எங்கள் வீட்டு நீல நிறக் கொம்பியூட்டரின் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று சிலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். கடையில் எடுத்ததல்ல. 2022இல் நாங்களே முற்றத்தில் வைத்து அடித்த பெயின்ட் அது. செய்த முறையோடு, அந்த நாட்களின் கதையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அந்த வருஷம் மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 அளவுக்குப் போனது. மூத்த மகளுக்குப் புதுக் கொம்பியூட்டர் என்ற பேச்சு வீட்டில் அத்தோடு நின்றது. ஆசிரியர் கலாசாலைக் காலத்தில் வாங்கிய பழையது ஒன்று இருந்தது. உள்ளே எல்லாம் நன்றாக வேலை செய்தது. வெளியேதான் துரு. கடலுக்குப் பக்கத்து ஊர்; உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது.

மகளுக்கு அடுத்த வருஷம் ஓ.எல். ஐ.சி.டி. படிக்கக் கூட்டாளிப் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் மகள் அந்தக் கேசிங்கின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவாள். எங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

பெயின்ட் அடிப்போம் என்றால் இன்னொரு பக்கம் இளைய மகன். அவனுக்கு இழுப்பு. சாம்பிராணிப் புகைக்கே இன்ஹேலர் தேடுகிற பிள்ளை. ஸ்ப்ரே பெயின்டில் தின்னர் வகைத் திரவங்கள் இருக்கின்றன. அவற்றின் ஆவி அடிக்கும் நேரத்தில் மட்டும் வருவதில்லை, காய்கிற நாட்களிலும் வந்துகொண்டிருக்கும். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய சர்ஜிக்கல் மாஸ்க் ஒரு பெட்டி வீட்டில் கிடந்தது. அது இந்த ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பூட்டிய மாஸ்க் வேண்டும்.

"தம்பிக்கு ஏலாதெண்டா வேணாம் வாப்பா, இப்பிடியே கிடக்கட்டும்" என்றாள் மகள்.

"பொறு மகள், ஒரு வழி பாப்பம்" என்றோம்.

ஜூலையில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. எல்லோரும் வீட்டில்தான். மகனை இரண்டு தெரு தள்ளி இருக்கும் மூத்தம்மா வீட்டுக்கு அனுப்பினோம். ஹாட்வெயாரில் கரி மாஸ்க் வாங்கினோம். பெயின்ட் டின்னை விட அதற்குத்தான் கூடச் செலவு.

முதலில் மதர்போட், ஹாட் டிஸ்க், ஃபேன் எல்லாவற்றையும் கழற்றினோம். முன்பக்கத்து பவர் சுவிட்சில் இருந்து மதர்போட்டுக்கு வரும் சின்னச் சின்ன வயர்கள் எந்த ஊசியில் பூட்டியிருந்தன என்று கழற்றுமுன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டோம். பவர் சப்ளையை முழுசாக வெளியே எடுத்து வைத்தோம். அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் தங்கியிருக்கும். பிறகு துருவைச் சேன்ட் பேப்பரால் தேய்த்தோம். முதலில் 220, அடுத்து 400. சவர்க்காரத் தண்ணியில் கழுவி, ஈரமில்லாமல் காய வைத்தோம். மதர்போட்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களிலும் ஸ்குரூ ஓட்டைகளிலும் டேப் ஒட்டினோம். அந்த இடங்களில் உலோகமும் உலோகமும் தொட்டால்தான் எர்த் ஒழுங்காகக் கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் ஜூலை என்றால் கச்சான் காற்று. வெயில் ஏற ஏற மண்ணை வாரிக்கொண்டு வரும். விடியக் காலையில் என்றால் தகட்டில் ஈரம் படியும். ஆகவே காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் வேலை.

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த நாட்களில் கேஸ் இல்லாமல் எல்லோர் முற்றத்திலும் விறகடுப்பு. ஸ்ப்ரே டின்னிலிருந்து பெயின்டைத் தள்ளுவதும் பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன்தான். சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பதும் அதுதான். பக்கத்து வீட்டு ராத்தா காலைச் சமையலை முடித்துவிட்டு வேலிக்கு மேலால் குரல் கொடுப்பார்: "நெருப்ப நூத்துட்டன், இனி அடிங்க." அதற்குப் பிறகுதான் டின்னைக் கையில் எடுப்போம்.

டின்னுக்குள் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிஷம் குலுக்க வேண்டும். தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தகட்டுக்கு வெளியே தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் நிறுத்த வேண்டும். முதலில் பிரைமர், பிறகு மகள் தெரிவு செய்த கடும் நீலம். முதல் பூச்சில் அடியில் இருப்பது தெரியத்தான் செய்யும். அதை மறைக்கப் பார்த்து ஒரே இடத்தில் அடித்தால் வழிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, மெல்லிசாக அடுத்த பூச்சு. இப்படி மூன்று, நான்கு. கடைசியில் கிளியர் கோட்.

அடித்த தகடுகளை முற்றத்து மூலையில் இருந்த தகரக் கொட்டிலில் வைத்தோம். இரண்டு நாளில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான். தொட்டுப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். உள்ளே இறுக ஒரு கிழமையாவது வேண்டும். அது வரைக்கும் மகளுக்குக் கொம்பியூட்டர் இல்லை. கொப்பியில் எழுதிப் படித்தாள்.

ஏழாம் நாள் பூட்டுவோம் என்று ஸ்குரூ டிரைவரோடு போனோம். மகள் தகட்டில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "இன்னும் மணக்குது. இன்னும் மூணு நாள் இஞ்சயே கிடக்கட்டும்" என்றாள். அந்த நீலத்துக்கு வீட்டில் கூட ஆசைப்பட்டது அவள்தான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கொண்டுபோய் லாச்சியில் வைத்தோம்.

பத்தாம் நாள் மணம் இல்லை. பூட்டினோம். தம்பியைக் கூப்பிட்டு முதலில் சுவிட்சைப் போட விட்டதும் அவள்தான்.

செய்ய நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். நிறத்தைத் தெரிவு செய்யுமுன், மணம் போகும் வரைக்கும் அதை எங்கே வைப்பது என்று முடிவெடுங்கள். வீட்டில் இழுப்புக்காரப் பிள்ளை இருந்து, வெளியே வைக்க இடமில்லை என்றால், அந்தத் துருவோடு இருப்பதில் ஒரு குறையும் இல்லை.