வண்டி நிற்கும் தெரு

7 அக்டோபர் 2024, திங்கள்

கார் இன்சூரன்ஸ் 18ஆம் தேதியோடு முடிகிறது. பாளையங்கோட்டையிலிருந்து வேளச்சேரிக்குக் குடிவந்த பிறகு வரும் முதல் ரினியூவல். மெட்ராஸ் வண்டி என்றாலே பிரீமியம் ஏறிவிடும் என்று ஆபீசில் ஆளாளுக்குச் சொன்னார்கள். இரவு நெல்லை ஏஜென்ட் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"வண்டி டிஎன் 72 தானே தம்பி? நீங்க எங்க கொண்டுபோய் நிறுத்துனாலும் அது ஜோன் பி தான்" என்றார்.

குடியிருக்கும் வீடு கணக்கில் வராதாம். வண்டி எந்த ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவானதோ அந்த ஊர்தான் கணக்கு. ஆனாலும் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் புது விலாசத்தை ஏற்றிவிடச் சொன்னார். வீடு மாறி முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

8 அக்டோபர், செவ்வாய்

அண்ணாச்சி சொன்னதை இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய மோட்டார் டேரிஃப் நாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டும் ஜோன் ஏ. மிச்சமுள்ள இந்தியா முழுவதும் ஜோன் பி. நெரிசலும் உரசலும் திருட்டும் பெருநகரத்தில் அதிகம் என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை.

என் வண்டி 1,200 சிசி, ஐந்து வயதுக்குள். இந்த வகைக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) விகிதம் ஜோன் ஏ என்றால் ஐடிவியில், அதாவது பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில், 3.283 சதவீதம், பி என்றால் 3.191. ஆறு லட்சம் ஐடிவிக்கு முதலாவது 19,698 ரூபாய், இரண்டாவது 19,146. வித்தியாசம் 552 ரூபாய். 2007 ஜனவரிக்குப் பிறகு இந்த விகிதத்தின் மீது கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி தள்ளுபடி தருகின்றன. ஊருக்கு ஊர் உண்மையான வேறுபாடு அந்தத் தள்ளுபடியில்தான் ஒளிந்திருக்கிறது. அதற்குமேல், கிளெய்ம் கேட்காததற்கான என்சிபி கழியும்.

தேர்டு பார்ட்டியில் ஊர்ப் பேச்சே கிடையாது. 1000 முதல் 1500 சிசி வரை ஓராண்டுக்கு 3,416 ரூபாய். 2022 ஜூனிலிருந்து இதுதான் கட்டணம். கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் ஒன்றே. இது எனக்குப் பிடித்திருக்கிறது. வண்டியில் அடிபடுகிறவருக்குப் போய்ச்சேர வேண்டிய பணம் அது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வலி ஒன்றுதான்.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒர்க் ஷாப்புக்குப் பொரி வாங்கப் போனேன். மெக்கானிக் பாய் மேசையில் ஒரு கனெக்டிங் ராடு கிடந்தது. ஒரு ஜாண் நீளம்கூட இல்லாத உருக்குத் துண்டு. நடுவில் வில்லாக வளைந்திருந்தது. போன டிசம்பர் மிக்ஜாம் புயலில் முங்கிய வண்டியில் கழற்றியதாம்.

"ஏர் ஃபில்டர் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி பூந்துருச்சு சார். ஓனர் சாவியத் திருகிட்டார். காத்தை அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியுமா? ராடு வளைஞ்சிருச்சு."

கிளெய்மில் இருக்கை, வயரிங் எல்லாவற்றுக்கும் பணம் வந்திருக்கிறது, இன்ஜினுக்கு வரவில்லை. சாதாரண பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் போன இன்ஜினை, வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமாகக் கம்பெனி ஏற்பதில்லை. இன்ஜின் புரொடக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

14 அக்டோபர், திங்கள்

மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிப் பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசை கட்டிவிட்டன. நானும் கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "2015இல் ஒண்ணு, போன டிசம்பர்ல ஒண்ணு, ரெண்டு வண்டி போச்சு தம்பி. இனிமே தாங்காது" என்றார். பாலத்தில் நிற்பவர்கள் யாரும் ஜோன் பார்த்து வரவில்லை. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது.

15 அக்டோபர், செவ்வாய்

விடியலிலிருந்து கொட்டுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். எங்கள் அடுக்ககத்தில் வழக்கமாகக் கார் நிற்பது தரைத்தளத்தில்.

போன டிசம்பர் நினைவுக்கு வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை மீறி நெல்லையில் கலெக்டர் ஆபீஸ் வரை வந்தது. இரண்டுமே ஜோன் பி ஊர்கள். அதே சென்னைக்குள் மேட்டுப்பகுதித் தெருக்களில் வண்டிச் சக்கரம்கூட நனையாமல் இருந்தவர்கள் உண்டு. அவர்கள் ஜோன் ஏ.

அப்படியானால் தெருவாரியாகப் பிரீமியம் வைத்துவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். ஏரியைத் தூர்த்து மனைபோட அனுமதி தந்தவர் ஒருவர். அங்கே கடன் வாங்கி வீடு கட்டியவர் இன்னொருவர். தண்டம் மட்டும் இரண்டாமவர் தலையில் விழுவது நியாயமில்லை. சிலர் சுமையைப் பலர் பகிர்வதுதான் இன்சூரன்ஸ். தாழ்வான பகுதிக்காரரைத் தனியே பிரித்து வைத்தால் அந்தப் பகிர்வுக்கே பொருளில்லை.

17 அக்டோபர், வியாழன்

தாழ்வு மண்டலம் அதிகாலையில் கரையேறிவிட்டது. பயந்த அளவு மழையில்லை. வண்டியைப் பாலத்திலிருந்து இறக்கினேன்.

அண்ணாச்சியிடம் பணம் கட்டினேன். இன்ஜின் புரொடக்ட்டைச் சேர்த்ததில் ஆயிரம் ரூபாய்க்குள்தான் கூடியது. நெல்லைப் பதிவெண் மிச்சம் பிடித்துக் கொடுத்ததைவிட இது அதிகம். ஆனாலும் வேளச்சேரியில் வண்டி வைத்திருப்பவனுக்கு இந்த ஒன்று இல்லாத பாலிசி அரைப் பாலிசிதான்.

மாலையில் அடுக்ககச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினேன்: பாலிசியில் இன்ஜின் புரொடக்ட் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள், முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், படம் எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், வண்டியை இழுத்தே ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு டிசம்பர் வரை நாள் இருக்கிறது.